பில் தொகை தப்பினால் எங்கே பார்ப்பது? தள்ளுபடி, ஜிஎஸ்டி நிரல்பாகங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

அப்பாவின் கடைக்கோ மாமாவின் கடைக்கோ பில் போட ஒரு சிறு நிரல் எழுதித் தரும் கல்லூரிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நாகர்கோவிலில் துணிக்கடை, மார்த்தாண்டத்தில் தேன் கடை, களியக்காவிளையில் பலசரக்குக் கடை, எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்: பட்டியல் விலையில் தள்ளுபடியைக் கழி, மிச்சத்தின் மேல் வரியைப் போடு. இவ்வளவு சின்னக் கணக்கு ஆடித் தள்ளுபடியிலும் ஓணக் கூட்டத்திலும் எப்படியெல்லாம் தப்புகிறது என்பதைப் பார்த்தால், அதற்குக் கொடுக்கும் கவனம் வீண் இல்லை என்பது புரியும்.

உங்கள் நிரலில் என்ன கோளாறு தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். வெளிப்படையாகத் தெரியும் தப்புகள் முதலில். மொத்தத் தொகை சரியாக இருந்தும் உள்ளே தப்பாக இருப்பவை பிறகு. இரண்டாவது வகைதான் ஆபத்தானது. வாடிக்கையாளர் மொத்தத்தை மட்டும் பார்ப்பார். பிறகு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் உள்ளே இருக்கும் தப்பு வெளியே வரும்.

குறிமுறை வரிகளை எழில் என்ற தமிழ் நிரல்மொழியின் சொற்களில் எழுதியிருக்கிறேன். பைத்தானில் எழுதுகிறவர்கள் நிரல்பாகம் என்ற இடத்தில் டெஃப், பின்கொடு என்ற இடத்தில் ரிட்டர்ன், பதிப்பி என்ற இடத்தில் பிரின்ட், ஆனால், இல்லை என்ற இடங்களில் இஃப், எல்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடி என்ற வரியும் @ குறியும் பைத்தானுக்கு வேண்டாம். மாறிகளின் பெயர்களை அப்படியே தமிழில் விடலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

எழுதத் தொடங்கும் முன் கடைக்காரரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: கடை காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனை மொத்தத்தில் ஒரு சிறு சதவீதத்தைக் கடையே வரியாகக் கட்டும் திட்டம்) இருக்கிறதா? இருந்தால் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கவே கூடாது. அந்தக் கடைக்குத் தள்ளுபடி நிரல்பாகம் மட்டும் போதும்.

தொகைக்குப் பதில் ‘நன்’ என்று வருகிறது

திரையில் 900 என்று சரியாகத் தெரியும். அதன் மேல் வரி போடப் போனால் பிழைச் செய்தி வரும், அல்லது பில்லில் ‘நன்’ (None, அதாவது எதுவும் இல்லை) என்று அச்சாகும். நிரல்பாகத்தின் கடைசி வரியைப் பாருங்கள். பின்கொடு இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பி இருக்கும். பதிப்பி தொகையைத் திரைக்குக் காட்டிவிட்டு அதோடு விட்டுவிடுகிறது. கூப்பிட்ட இடத்துக்கு எதுவும் திரும்பிப் போவதில்லை.

```
நிரல்பாகம் கழிவுக்குப்பின்(விலை, சதவீதம்)
    பின்கொடு விலை - விலை * சதவீதம் / 100
முடி

நிரல்பாகம் வரித்தொகை(மதிப்பு, வீதம்)
    பின்கொடு மதிப்பு * வீதம் / 100
முடி
```

கணக்குப் போடும் நிரல்பாகத்துக்குள் பதிப்பி என்ற சொல்லே வரக் கூடாது. அச்சிடும் வேலை வேறு நிரல்பாகத்துக்கு உரியது. இந்த ஒரு பழக்கம் கீழே வரும் பாதிப் பிழைகளைச் சோதிக்க எளிதாக்கிவிடும்.

450 ரூபாய் பாட்டில் இரண்டுக்கு 450450 ரூபாய்

விசைப்பலகையிலிருந்து வந்த விலை எண்ணாக மாறவில்லை, எழுத்துத் தொடராகவே இருக்கிறது. எழுத்துத் தொடரை இரண்டால் பெருக்கினால் பைத்தான் அதை இரண்டு முறை ஒட்டி வைக்கும். உள்ளே வரும் இடத்திலேயே எண்ணாக மாற்றுங்கள். 1,250 என்று காற்புள்ளியோடு அடிக்கும் பழக்கம் கல்லாவில் இருப்பவர்களுக்கு உண்டு. காற்புள்ளியை நீக்கிவிட்டு மாற்றுங்கள். இல்லையென்றால் கூட்டம் நிற்கும் நேரம் பார்த்து நிரல் நின்றுவிடும்.

பில் மைனஸில் போகிறது. அல்லது ஆயிரம் ரூபாய்க்கு வரி ஐம்பது பைசா

1000 ரூபாய்ச் சரக்குக்கு 10 சதவீதம் தள்ளுபடி போட்டால் மைனஸ் 9000 வருகிறதா? நூறால் வகுக்கவில்லை. 5 சதவீத வரி 50 ரூபாய்க்குப் பதில் 50 பைசாவாக வருகிறதா? இரண்டு முறை வகுத்திருக்கிறீர்கள். எக்செல் தாளிலிருந்து விலைப்பட்டியலை எடுக்கிறவர்களுக்கு இரண்டாவது பிழை அடிக்கடி வரும். எக்செல்லில் 5% என்று தெரியும் கட்டத்துக்குள் இருப்பது 0.05. தாளைப் படிக்கும் இடத்திலேயே 100-ஆல் பெருக்கி, நிரல் முழுவதும் 5, 18 என்ற முழு எண்களே ஓடும்படி வையுங்கள்.

20-ம் 10-ம் போட்டால் 30 என்று கழிகிறது

‘20 சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் 10 சதவீதம்’ என்று பலகை வைத்தால், இரண்டாவது பத்து மிச்சமிருக்கும் விலையின் மேல் விழ வேண்டும். 1000 முதலில் 800 ஆகும், அதில் 10 சதவீதம் போய் 720. சதவீதங்களைக் கூட்டிவிட்டால் 700. ஆயிரத்துக்கு இருபது ரூபாய் கடைக்கு நட்டம். கழிவுக்குப்பின் நிரல்பாகத்தை ஒவ்வொரு தள்ளுபடிக்கும் ஒரு முறை கூப்பிடுங்கள்.

சதவீதத் தள்ளுபடியில் எல்லாம் சரி, ‘100 ரூபாய் தள்ளுபடி’ என்றால் மட்டும் 5 ரூபாய் கூடுகிறது

எனக்கு மிக முக்கியமாகப் படும் பிழை இதுதான். பல பிழைகள் தாமாகவே வெளியே தெரிந்துவிடும், இது மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

1000 ரூபாய்ச் சரக்கு, 10 சதவீதத் தள்ளுபடி, 5 சதவீத வரி. முதலில் கழித்துப் பிறகு வரி போட்டால் 900, அதன் வரி 45, மொத்தம் 945. தலைகீழாக முதலில் வரி போட்டுப் பிறகு கழித்தால் 1050, அதில் 10 சதவீதம் 105 போக, அதுவும் 945. பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாது, அவ்வளவுதான். இரண்டு விடையும் ஒத்துப் போவதால் நிரல் சரி என்று நினைத்து நகர்ந்துவிடுகிறோம். தீபாவளிக்குக் கடைக்காரர் ‘ஆயிரம் ரூபாய்க்கு நூறு ரூபாய் குறைவு’ என்று மாற்றி அறிவித்ததும், சரியான வரிசையில் 945 வருகிறது, தலைகீழ் வரிசையில் 950 வருகிறது.

அந்த ஐந்து ரூபாய், தள்ளுபடி கொடுத்த நூறு ரூபாயின் மேல் போட்ட வரி. மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017, பிரிவு 15(3) இதைத் தெளிவாகச் சொல்கிறது: விற்பதற்கு முன்போ விற்கும்போதோ கொடுத்து, பில்லிலும் காட்டிய தள்ளுபடி, வரி போடும் மதிப்பில் சேராது. அதனால் தலைகீழ் வரிசை சதவீதத் தள்ளுபடியிலும் தப்புதான். மொத்தம் 945 என்று ஒத்துப் போகும், ஆனால் பில்லில் வரி 45-க்குப் பதில் 50 என்று அச்சாகியிருக்கும். வரிக்குரிய மதிப்பும் வரியும் பில்லில் தனித்தனியே தெரிய வேண்டியவை. அங்கே 50 என்று இருந்தால் வாங்காத ஐந்து ரூபாயை வாங்கியதாகக் கடை எழுதிக் கொடுக்கிறது.

சோதிக்கும்போது மொத்தத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். மதிப்பு 900, வரி 45, மொத்தம் 945 என்று மூன்றையும் ஒப்பிடுங்கள். நிரல்பாகமும் மொத்தத்தை மட்டும் தராமல் மூன்றையும் பின்கொடுக்கட்டும். சோதனைத் தரவில் ரூபாய்த் தள்ளுபடி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

முழு பில்லுக்கும் சேர்த்து 500 ரூபாய் தள்ளுபடி என்றால் இன்னொரு வேலை உண்டு. பில்லில் 5 சதவீதச் சரக்கு 2000-க்கும், 18 சதவீதச் சரக்கு 3000-க்கும் இருந்தால், அந்த 500-ஐ 200, 300 என்று விகிதப்படி பிரித்துக் கழித்த பிறகே ஒவ்வொன்றுக்கும் வரி போட வேண்டும்: 1800-க்கு 90, 2700-க்கு 486. பிரிக்கும்போது மீதிப்படும் பைசாவைக் கடைசிச் சரக்கின் கணக்கில் தள்ளிவிடுங்கள், கூட்டுத்தொகை சரியாக 500 வரும்.

எம்ஆர்பி 420, வரிக்கு முந்தைய விலை 399 என்று வருகிறது

எம்ஆர்பி எல்லா வரியையும் உள்ளடக்கிய விலை. அதன் மேல் மறுபடி வரி போடும் நிரல் எந்தக் கடையிலும் ஓடக் கூடாது. உள்ளே இருக்கும் வரியைப் பிரித்தெடுக்கும்போது 420-இல் 5 சதவீதத்தைக் கழிப்பது தப்பு. 5 சதவீதம் போட்டது 400-இன் மேல். 420-இன் மேல் அல்ல.

```
மதிப்பு = எம்ஆர்பி * 100 / (100 + வீதம்)
```

420-க்கு 400 வரும். 18 சதவீதச் சரக்கில் இந்தத் தப்பு இன்னும் பெரிதாகும்: 1180-க்கு 1000 வர வேண்டிய இடத்தில் 967.60 நிற்கும். எம்ஆர்பியில் தள்ளுபடி கொடுத்தால், முதலில் எம்ஆர்பியிலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்திலிருந்து வரியைப் பிரியுங்கள்.

சில்லறையாக அளந்து விற்கும் தேனுக்கும் வரி விழுகிறது

பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டிய தேனுக்கு 5 சதவீதம். கேனிலிருந்து அளந்து ஊற்றும் இயற்கைத் தேனுக்கு வரி கிடையாது. ஈத்தாமொழித் தேங்காய்க்கும் கிடையாது. வீதம் 0 என்று பட்டியலில் சரியாகவே எழுதியிருப்பீர்கள், ஆனாலும் வரி வரும். ‘வீதம் இல்லையென்றால் 18 என்று எடுத்துக்கொள்’ என்று எங்கோ ஒரு வரி இருக்கும், தேடுங்கள். பைத்தானில் அந்த மாதிரிச் சோதனைக்கு 0-ம் வெறுமையும் ஒன்றுதான். பூஜ்ஜியம் என்பது தெரிந்து கொடுத்த வீதம். வீதமே தரப்படவில்லை என்பது வேறு நிலை, அங்கே நிரல் தானாக ஒரு வீதத்தை ஊகிக்காமல் நின்று கேட்பதே நல்லது.

2800 ரூபாய் ஆயத்த ஆடைக்கு 18 சதவீதம் போடுகிறது. தள்ளுபடி போக விலை 2380-தான்

2025 செப்டம்பர் 22 முதல், தைத்த ஆடை ஒன்றின் விற்பனை மதிப்பு 2500 ரூபாயைத் தாண்டாவிட்டால் 5 சதவீதம், தாண்டினால் 18. வீதத்தைத் தீர்மானிப்பது தள்ளுபடி போன மதிப்பு. 2800-இல் 15 சதவீதம் கழித்தால் 2380, அதற்கு 5 சதவீதம் 119, மொத்தம் 2499. பட்டியல் விலையைப் பார்த்து வீதத்தை முதலிலேயே எடுத்துவிடும் நிரல் 2808.40 கேட்கும். வீதத்தைத் தேடும் வரி, தள்ளுபடி வரிக்குக் கீழே இருக்க வேண்டும்.

```
நிரல்பாகம் ஆடைவீதம்(ஒன்றின்மதிப்பு)
    @( ஒன்றின்மதிப்பு <= 2500 ) ஆனால்
        பின்கொடு 5
    இல்லை
        பின்கொடு 18
    முடி
முடி
```

இதில் இரண்டு இடங்களைக் கூர்ந்து பாருங்கள். ஒன்று, <= என்ற குறி. சம அடையாளத்தை விட்டுவிட்டால் சரியாக 2500 ரூபாய்ச் சட்டைக்கு 18 சதவீதம் விழும். 2500-ஐயும் 2501-ஐயும் கொடுத்துப் பாருங்கள்: முதலாவது 2625, இரண்டாவது 2951.18 வர வேண்டும். ஒரு ரூபாய் ஏறும்போது பில் முந்நூறு ரூபாய்க்கு மேல் குதிக்கும் இடம் இது. இன்னொன்று, மாறியின் பெயர். 1400 ரூபாய்ச் சட்டை இரண்டு வாங்கினால் அந்த வரியின் மொத்தம் 2800. அதை நிரல்பாகத்துக்குக் கொடுத்தால் 18 சதவீதம் போட்டு 3304 கேட்கும். சரியான தொகை 2940. வரம்பு ஒரு உருப்படிக்கு உரியது. எண்ணிக்கையால் பெருக்குவது பிறகு.

ஆடையின் எம்ஆர்பியிலிருந்து வரியைப் பிரிக்கும்போது நிரல் முடியாமல் சுற்றுகிறது

வரி உட்பட 2800 ரூபாய் என்று ஒட்டிய சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதம் என்று வைத்துப் பிரித்தால் மதிப்பு 2666.67; அது 2500-ஐத் தாண்டுகிறது, ஆகவே 18 சதவீதம். 18 என்று வைத்துப் பிரித்தால் மதிப்பு 2372.88, அது 2500-க்குள் இருக்கிறது, ஆகவே 5 சதவீதம். எந்த வீதமும் தன்னோடு தானே ஒத்துப் போகவில்லை. வீதம் நிலைக்கும் வரை திரும்பத் திரும்பக் கணக்கிடும்படி எழுதியிருந்தால் நிரல் முடிவதே இல்லை.

உங்கள் குறிமுறையில் தப்புத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 2625-க்கு மேல், ஏறக்குறைய 2950 வரை உள்ள வரி உட்பட்ட விலைகளுக்கெல்லாம் இந்த முரண் இருக்கிறது. சுழற்சியை எடுத்துவிடுங்கள். 5-ஐ ஒரு முறை சோதியுங்கள், 18-ஐ ஒரு முறை சோதியுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் ‘இந்த விலையை மாற்ற வேண்டும்’ என்று செய்தி காட்டி நிறுத்துங்கள். என்ன விலை வைப்பது என்பது கடைக்காரரும் அவருடைய ஆடிட்டரும் எடுக்க வேண்டிய முடிவு. நிரல் சத்தமில்லாமல் ஒரு வீதத்தைத் தேர்ந்துகொள்வது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

ஒரு பைசா குறைகிறது, அல்லது கூடுகிறது

“மக்கா, இந்த ஒரு பைசா எங்க போச்சு?” என்று கடைக்காரர் கேட்டால் அலட்சியமாக விடாதீர்கள். நாள் முழுக்கப் போட்ட பில்களின் கூட்டுத்தொகை கணக்கர் போட்ட தொகையோடு ஒத்துப் போகாதபோது, அவர் எந்த பில் என்று தேடி உட்கார வேண்டியிருக்கும்.

வரிக்குரிய மதிப்பு 107 ரூபாய், வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்குள் விற்றால் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 2.5, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 2.5 என்று இரண்டாகப் பிரியும். ஒவ்வொன்றும் 2.675. இதை இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் எக்செல் 2.68 என்கிறது, பைத்தானின் ரவுண்ட் 2.67 என்கிறது. ஆகவே மொத்த வரி ஓரிடத்தில் 5.36, இன்னோரிடத்தில் 5.34, இரண்டாகப் பிரிக்காமல் 5 சதவீதமாகவே போட்டால் 5.35. ஒரே சரக்குக்கு மூன்று வரி.

காரணங்கள் இரண்டு. முதலாவது, கணினி தசம எண்களை இரும எண்களாக வைப்பதால் 2.675-ஐத் துல்லியமாக வைக்க முடியாது. அதற்கு ஒரு இழை குறைவான எண்ணை வைத்துக்கொள்கிறது, ரவுண்ட் அதைக் கீழே இறக்குகிறது. இரண்டாவது, பிரித்து முழுமையாக்குவதும் முழுமையாக்கிப் பிரிப்பதும் ஒன்றல்ல. முதலாவதுக்கு மருந்து, ரூபாயை விட்டுவிட்டுப் பைசாவில் கணக்குப் போடுவது. 107 ரூபாய் 10700 பைசா. 2.5 சதவீதம் ஆயிரத்துக்கு 25. எல்லாம் முழு எண்கள்.

```
நிரல்பாகம் பாதிவரி(பைசா, ஆயிரத்துக்கு)
    பின்கொடு (பைசா * ஆயிரத்துக்கு + 500) // 1000
முடி
```

// என்பது மீதியை விட்டுவிட்டுக் கீழ் நோக்கி முழு எண்ணாக வகுக்கும் குறி. 268 பைசா வரும். இரண்டாவதுக்கு மருந்து, பாதி வரியை முதலில் கணக்கிட்டு, இரண்டால் பெருக்கி மொத்த வரியை எடுப்பது. பில்லில் அச்சாகும் இரண்டு தொகைகளைக் கூட்டினால் அச்சாகும் மொத்தம் வர வேண்டும் என்பதே இங்கே விதி. ஆகவே இந்த சரக்குக்கு வரி 5.36.

எம்ஆர்பியிலிருந்து பிரிக்கும்போதும் இதே வரிசைதான். 99 ரூபாய்ச் சரக்கில் மதிப்பை முதலில் எடுத்தால் 94.29, அதன் பாதி வரி 2.36, கூட்டினால் 99.01 ஆகிவிடும். பாதி வரியை நேராக 99 × 2.5 ÷ 105 என்று எடுங்கள்: 2.36. இரண்டு பாதிகளையும் 99-இலிருந்து கழித்தால் மதிப்பு 94.28. கூட்டுத்தொகை 99-ஐ விட்டு நகராது.

பைசாவுக்குப் பதில், தசம எண்களைத் துல்லியமாக வைக்கும் பைத்தானின் டெசிமல் தொகுதியைப் பயன்படுத்துகிறவர்கள் எண்ணை மேற்கோள் குறிகளுக்குள் எழுத்தாகக் கொடுங்கள். வெறும் 2.675-ஐக் கொடுத்தால் அந்த இழைக் குறைவும் சேர்ந்தே உள்ளே போகும்.

சரக்கு திரும்பி வரும்போது இன்னொரு பொறி. மேலே உள்ள நிரல்பாகத்துக்கு மைனஸ் 10700 கொடுத்தால் மைனஸ் 267 வரும். விற்றபோது 268, திருப்பியபோது 267. கூட்டும் 500, மைனஸ் எண்ணையும் மேல் நோக்கியே தள்ளுகிறது என்பதால் இப்படி. திரும்பி வந்த சரக்குக்கும் கூட்டல் எண்ணிலேயே கணக்கிட்டு, கடைசியில் மைனஸ் போடுங்கள்.

முழு ரூபாய்க்கு மாற்றும் இடத்திலும் பைத்தானின் ரவுண்டை நம்ப வேண்டாம். 112.50-ஐ 112 ஆக்கும், 113.50-ஐ 114 ஆக்கும். சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை பக்கம் தள்ளுவது அதன் வழக்கம். 112.50-க்குக் கடைக்காரர் எதிர்பார்ப்பது 113. முழு ரூபாய் ஆக்கியதால் வந்த வித்தியாசத்தைப் பில்லில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று தனி வரியாகக் காட்டுங்கள், வரித் தொகையைத் தொடாதீர்கள்.

பழைய பில்லை மறுபடி அச்சிட்டால் வரி மாறுகிறது

2025 செப்டம்பர் 22-க்கு முன்பு ஆடைக்கு வரம்பு 1000 ரூபாய், வீதங்கள் 5-ம் 12-ம். 1500 ரூபாய்ச் சட்டைக்கு அன்று 1680, இப்போது 1575. வீதத்தை நிரலுக்குள் எண்ணாக எழுதி, மாற்றம் வந்ததும் அந்த எண்ணைத் திருத்தியிருந்தால், பழைய பில்லும் புதிய வரியோடு அச்சாகும். வீதங்களைத் ‘தேதி முதல்’ என்ற நெடுவரிசையோடு ஒரு பட்டியலில் வைத்து, ஆடைவீதம் நிரல்பாகத்துக்குப் பில் தேதியையும் அனுப்புங்கள். இன்றைய தேதியை நிரல்பாகம் தானே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாறசாலைக்காரர் பில்லில் மொத்தம் சரி, வரியின் பெயர் தப்பு

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கிருந்து வந்து வாங்குகிறவர்களுக்கு என்ன வரி என்பது நம் மாவட்டக் கடைகளுக்கு அன்றாடக் கேள்வி. மாநிலத்துக்குள் என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. மாநிலம் தாண்டினால் ஐஜிஎஸ்டி. தொகை ஏறக்குறைய ஒன்றேதான், அதனால்தான் இந்தத் தப்பும் ஒளிந்துகொள்கிறது.

வாங்குகிறவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால், 2023 அக்டோபர் 1 முதல் விதி எளிது: பில்லில் அவருடைய முகவரி இருந்தால் அந்த இடம், இல்லையென்றால் கடை இருக்கும் இடம். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே கொள்ளப்படும். பேசும் மொழியையோ வண்டி எண்ணையோ பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். தமிழ்நாட்டின் குறியீடு 33, கேரளத்தின் குறியீடு 32.

```
நிரல்பாகம் வரிவகை(பில்மாநிலம்)
    @( பில்மாநிலம் == 33 ) ஆனால்
        பின்கொடு "இரண்டாகப் பிரி"
    இல்லை
        பின்கொடு "ஐஜிஎஸ்டி"
    முடி
முடி
```

முகவரிக் கட்டம் காலியாக இருந்தால் 33 என்று வைத்துத்தான் இதைக் கூப்பிட வேண்டும். ஐஜிஎஸ்டி ஒரே தொகையாக முழுமையாவதால், 107 ரூபாய்ச் சரக்குக்கு இங்கே 5.35 வரும், தமிழ்நாட்டு பில்லில் 5.36. இரண்டும் சரி. சோதனைப் பட்டியலில் இரண்டையும் அப்படியே எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் நிரலைத் திருத்த வருகிறவர் ஒன்றைப் பிழை என்று நினைத்து மாற்றிவிடாமல் இருப்பார்.